வான்தாக்குதல் நினைவுகளும் வீட்டு வாழ்வும்: தமிழ் எழுத்தை முன்வைத்து

முன்னுரை

போரைப் பற்றிய எழுத்துகளில் படைவீரர், தளபதி, செய்தியாளர், வரலாற்றாசிரியர் ஆகியோர் எழுதியவையே அதிகம் படிக்கப்படுகின்றன. போரில் எந்தப் பங்கும் இல்லாத ஓர் இளைஞனோ சிறுமியோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதுவது தனியொரு வகை. இதில் போர்க்களம் என்று ஓர் இடம் கிடையாது. விமானம் வீட்டுக் கூரைக்கு மேலே வருகிறது. அடுப்பில் உலை பாதியில் நிற்கிறது. பள்ளிப் பாடம் பாதியில் நிற்கிறது. தாக்குதல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மீண்டும் உலை வைக்க வேண்டியிருக்கிறது.

தமிழர் வாழ்வில் வான்தாக்குதல் அச்சம் மூன்று களங்களில் நேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையிலும் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் நேர்ந்தது முதலாவது. அதே போரில் ரங்கூன், மலாயா போன்ற இடங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. 1980களில் தொடங்கி 2009 வரை ஈழத்தில் நேர்ந்தது மூன்றாவது. இம்மூன்றும் தமிழில் எழுத்தான விதம் ஒன்றுபோல் இல்லை. முதலாவது ஏறக்குறைய எழுதப்படாமலே போயிற்று. மூன்றாவது ஒரு பெரும் இலக்கியமாக வளர்ந்தது.

இந்த எழுத்துகளை மதிப்பிட ஓர் அளவுகோலை இக்கட்டுரை முன்வைக்கிறது. வான்தாக்குதல் நினைவெழுத்தின் வலிமை, அது குண்டைப் பற்றிச் சொல்வதைவிட வீட்டைப் பற்றிச் சொல்வதில் இருக்கிறது. என்ன அழிந்தது என்று வாசகனுக்குப் புரிய வேண்டுமானால், அழிவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

சென்னை: விழாத குண்டின் நினைவு

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். அந்த நிகழ்ச்சியைப் பற்றிய விரிவான நினைவெழுத்து தமிழில் தங்கவில்லை. ஒரு சொல் மட்டும் தங்கியது. கெட்டிக்காரனை, எதற்கும் அஞ்சாதவனை, வீட்டில் கண்டிப்பு மிக்க பெரியவரை இன்றும் "சரியான எம்டன்" என்கிறோம். நகரையே ஓட வைத்த அச்சம் ஒரு தலைமுறைக்குள் கேலிச் சொல்லாக மாறியதை இது காட்டுகிறது.

1942 ஏப்ரல் நிகழ்வுகளும் ஏறத்தாழ இப்படித்தான் ஆயின. ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினர். அவசியப் பணி இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கருதி, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. லட்சக்கணக்கானோர் ரயிலிலும் பேருந்திலும் மாட்டு வண்டியிலும் சொந்த ஊர்களுக்குச் சென்றனர்.

எதிர்பார்த்த பெருந்தாக்குதல் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது; சேதம் சிறிது. போனவர்கள் திரும்பி வந்தனர். அதன் பிறகு குடும்பங்களில் அந்தக் கதை பெரும்பாலும் சிரிப்போடுதான் சொல்லப்பட்டது. யார் பயந்து ஓடினார்கள், எந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஏ.ஆர்.பி. வார்டன் விளக்கை அணைக்கச் சொல்லி எப்படிக் கத்தினார் என்பவையே அக்கதையின் உள்ளடக்கம்.

ஆனால் அச்சம் பொய்யானாலும் அதனால் மாறிய வீட்டு வாழ்வு பொய்யல்ல. ஜப்பானியரிடம் பர்மா வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. சென்னையில் ரேஷன் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை இருந்த ஒருவருக்குப் போர் என்பது இவைதாம். நகரத்து உறவினர் திடீரென்று கிராமத்து வீட்டுக்கு வந்து தங்கினால் யாருக்குத் திண்ணை, யாருக்குக் கூடம், எத்தனை பந்தி என்பதெல்லாம் மாறும். அவர்கள் திரும்பிப் போகும்போது எந்தக் கசப்பு மிஞ்சியது என்பதும் ஒரு போர்க்கதையே.

1945இல் வெளிவந்த 'பர்மா ராணி', 'மானசம்ரட்சணம்' போன்ற படங்கள் அரசின் போர்ப் பிரசாரத் தேவைக்காக எடுக்கப்பட்டவை. அவற்றில் வீரமும் உளவும் உண்டு. வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் சிறுவனின் கண் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. இலக்கியத்திலும் சென்னையின் வெளியேற்றம் பற்றிய பதிவு மிகச் சொற்பம். குண்டு விழவில்லை என்பதாலேயே அது எழுதத் தகாததாகக் கருதப்பட்டது எனலாம்.

ரங்கூன்: வீட்டைப் பூட்டியவரின் எழுத்து

சென்னையில் விழாத குண்டு ரங்கூனில் விழுந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாக அந்நகரைத் தாக்கின. வானில் நடந்த சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூட்டத்தில் பலர் மாண்டனர். வான்தாக்குதல் என்றால் என்னவென்று அறியாத மக்கள் அவர்கள். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் பர்மாவை விட்டு வெளியேறினர். வெள்ளையருக்கு ஒரு வழியும் இந்தியருக்கு வேறொரு வழியும் ஒதுக்கப்பட்டன. நோயாலும் பசியாலும் மலைவழியில் இறந்தவர்கள் பல்லாயிரம்.

இந்தப் பயணத்தைத் தமிழில் பதிவு செய்த முதன்மையான நூல் வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. சர்மா 1895இல் செய்யாற்றுப் பகுதியில் உள்ள வெங்களத்தூரில் பிறந்தவர். உத்திரமேரூருக்கு அது அண்டை வட்டாரம். ரங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்த அவர், 1942இல் மனைவி மங்களத்துடன் புறப்பட்டு இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 46.

இந்த வயது முக்கியம். சர்மா தம் வீட்டைத் தாமே பூட்டியவர். எப்போது கிளம்புவது, எதை எடுப்பது, எதை விடுவது, கையில் எவ்வளவு பணம் என்ற முடிவுகளை எடுத்தவர். அதனால் அவர் எழுத்தில் வழியும் தங்கலும் காலமும் ஒழுங்காக வருகின்றன. வரலாற்று மாணவருக்கு இது பெரிய கொடை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் வீட்டுச் சாவி இருப்பதில்லை. ஏன் கிளம்புகிறோம் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. பெரியவர்களின் முகத்தையும் தாழ்ந்த குரலையும் பார்த்து அது தானே ஊகித்துக்கொள்கிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளின் அந்த ஊகங்கள் நூலாகச் சேர்ந்தவை மிகக் குறைவு.

இளம் சாட்சி எதைப் பார்க்கிறது

இளம் சாட்சியின் பார்வை எப்படி இயங்குகிறது என்பதற்குத் தமிழில் சிறந்த எடுத்துக்காட்டு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). இதில் வான்தாக்குதல் மையம் அல்ல. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்த காலகட்டமே பின்னணி. ஆயினும் முறை ஒன்றே. ரயில்வே ஊழியரின் மகனான சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாட்டைத் தேடி அலைகிறான், கல்லூரிக்குப் போகிறான். ரஜாக்கர்களும் அரசியலும் இவற்றின் இடையே புகுந்து வருகின்றன. இறுதியில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அவன் நுழைய நேரும்போது, தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இளம்பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். அதுவரை தன் வீட்டை மட்டுமே பார்த்துவந்தவன் முதன்முறையாக எதிர்த்தரப்பின் வீட்டுக்குள் நிற்கிறான். நாவலின் அறம் முழுவதும் அந்த அறையில் இருக்கிறது. மாடும் கிரிக்கெட்டும் முன்னால் இல்லாவிட்டால் அந்த அறை வெறும் அதிர்ச்சியாக முடிந்திருக்கும்.

உலகறிந்த இன்னொரு சான்று ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த அந்தச் சிறுமி, இரவில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் முழங்கும்போது பயந்து அப்பாவின் படுக்கைக்கு ஓடியதை எழுதியிருக்கிறாள். அதே குறிப்புகளில் உருளைக்கிழங்கு தோலுரிப்பதும், அம்மாவோடு பிணங்குவதும், குளியலுக்கு முறை போட்டுக்கொள்வதும் சம அளவில் வருகின்றன. எது பெரியது, எது சிறியது என்று அவள் தரம் பிரிப்பதில்லை. நாட்குறிப்புக்கு இருக்கும் இந்தச் சமநிலையை, பின்னாளில் நினைவிலிருந்து எழுதுபவர் முயன்றுதான் பெற வேண்டும். ஏனெனில் நினைவு பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டு சிறியவற்றை விட்டுவிடும்.

ஈழம்: விமானங்களுக்கு வைத்த பெயர்கள்

ஈழத்தின் வான்தாக்குதல் நினைவுகள் மற்ற இரண்டிலிருந்தும் வேறுபடக் காரணம் அவற்றின் நீளம். சென்னையில் அச்சம் சில மாதங்கள். ரங்கூனில் சில வாரங்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒரு தலைமுறை முழுவதும் விமானச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தது.

அந்தத் தலைமுறை விமானங்களுக்கு வைத்த பெயர்களே ஒரு தனி ஆய்வுக்கு உரியவை. சியாய் மார்க்கெட்டி என்னும் இத்தாலிய விமானம் 'சியாமாசெட்டி' ஆயிற்று. கனத்த ஒலியோடு மெதுவாக வந்து குண்டு தள்ளிய விமானம் 'சகடை'. முன்னதாக வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போன சிறு விமானம் 'கோள்மூட்டி'. பிற்காலத்தில் ஆளின்றி ரீங்கரித்துச் சுற்றிய வேவு விமானம் 'வண்டு'. இஸ்ரேலியத் தயாரிப்பான 'கிபிர்' மட்டும் தன் பெயரிலேயே வழங்கியது. சத்தம் கேட்கும் முன்பே வந்துவிடும் அதற்குச் செல்லப்பெயர் வைக்க நேரம் இருக்கவில்லை போலும்.

'கோள்மூட்டி' என்ற சொல்லைக் கவனிக்கலாம். ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சண்டை மூட்டும் அயல்வீட்டாரைக் குறிக்கும் சொல் அது. வேவு விமானம் பார்த்துவிட்டுப் போனால் பின்னால் குண்டுவீச்சு விமானம் வரும் என்ற அனுபவ அறிவை, வேலியோரப் பேச்சிலிருந்து எடுத்த ஒரே சொல்லில் மக்கள் சொல்லிவிட்டனர். இராணுவச் சொல்லகராதி வீட்டுச் சொல்லகராதியாக மாற்றப்பட்டது. இந்தச் சொற்களைப் பயன்படுத்தும் எழுத்து உடனே நம்பகம் பெறுகிறது. 'எதிரி விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன' என்று எழுதும் எழுத்துக்கு அந்த நம்பகம் வருவதில்லை. பின்னதை எங்கிருந்தும் எழுதலாம். முன்னதை அங்கே இருந்தவர்தான் எழுத முடியும்.

1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அரிதாயின. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டு எரித்த 'சிக்கன விளக்கு' வீடுகளில் வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் பிபிசி தமிழோசையைச் சுற்றி உட்கார்ந்தனர். அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கின்றனர். அவர்களுடைய நினைவுகளில் குண்டுவீச்சைவிட இந்த விளக்கும் சைக்கிளும்தான் அடிக்கடி வருகின்றன. இதை ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தடை என்ற அரசாணை ஒரு வீட்டின் உள்ளே எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று இல்லை.

வானம் எப்போதும் ஒரே பொருளைத் தரவில்லை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொருள்களைப் போட்டன. அதே வானத்திலிருந்து 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவிலில் பள்ளி மாணவர்கள் கொல்லப்பட்டனர். இந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் பல வீடுகளில் ஆண்டுத் திதிகளாக இருக்கின்றன.

பதுங்கு குழி: வீட்டின் ஓர் அறை

ஈழ எழுத்தில் பதுங்கு குழி அல்லது பங்கர் அடிக்கடி வரும் இடம். 'ட' வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூட்டை வைத்து மூடுவார்கள். மழையில் தண்ணீர் நிற்கும். பாம்பு, பூரான் இருக்கும். பயத்தோடு அருவருப்பும் சேர்ந்த இடம் அது. வீட்டைத் திருத்தும்போது அறையைத் திருத்துவதுபோல் குழியையும் திருத்தினார்கள். பிள்ளைகள் அதனுள் விளையாடினார்கள்.

தீபச்செல்வனின் 'பதுங்குகுழியில் பிறந்த குழந்தை' (2008) தலைப்பிலேயே இந்த மாற்றத்தைச் சொல்லிவிடுகிறது. பிறப்பு நிகழ வேண்டிய இடம் வீடு அல்லது மருத்துவமனை. இங்கே குழி அந்த இரண்டின் வேலையையும் செய்கிறது. தீபச்செல்வன் 1983இல் பிறந்தவர். போர் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. போருக்கு முந்தைய வீடு என்று ஒன்றை அவர் தலைமுறை நினைத்துப் பார்க்க முடியாது. மூத்த கவிஞர்களில் சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' மக்கள் நீங்கிய ஊரைப் பார்க்கிறது. அங்கே இழப்புக்கு முன்னால் ஒரு நிறைவு உண்டு. இளையவருக்கு அந்த முன்னால் இல்லை. இந்த வேறுபாட்டை வைத்தே ஈழக் கவிதையின் இரு தலைமுறைகளைப் பிரித்துப் படிக்கலாம்.

2009இன் இறுதி மாதங்களில் மண்மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காமல் சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பினார்கள். கூறைச்சேலைகளும் அதில் போயின. காஞ்சிபுரம் மாவட்டத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பட்டுச்சேலைக்கு எத்தனை நாள் தறியில் உட்கார வேண்டும், அது பெட்டிக்குள் எத்தனை ஆண்டு இருக்கும், மகளுக்கு என்று எப்படி எடுத்து வைக்கப்படும் என்பதெல்லாம் நெசவு நடக்கும் ஊர்களில் தெரிந்தவை. அந்தச் சேலைக்குள் மண் போவதைப் பார்த்த பிள்ளையின் ஒரு வரி நினைவு, எண்ணிக்கைகள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) இந்த இறுதிக் கட்டத்தை நாவலாக்குகிறது. பேரப்பிள்ளைகளோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் முதிய பெண்ணின் அன்றாடம் அதன் உள்ளடக்கம். எங்கே தங்குவது, எதைச் சமைப்பது, யார் தண்ணீருக்குப் போவது என்பவையே நாவலின் நிகழ்ச்சிகள். சில வாசகர்களுக்கு இது திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றலாம். அந்தத் திரும்பல்தான் அனுபவத்தின் வடிவம். ஒவ்வொரு இடத்திலும் வீடு சிறுத்துக்கொண்டே போகிறது. வீட்டு வேலை மட்டும் குறைவதில்லை.

ஜப்பானிய ஒப்பீடு

வான்தாக்குதலை வீட்டுக்குள்ளிருந்து சொல்வதில் ஜப்பானியக் கலை நெடுந்தூரம் சென்றிருக்கிறது. ஃபுமியோ கோனோவின் வரைகதையைத் தழுவி சுனாவோ கட்டபூச்சி இயக்கிய 'இந்த உலகின் ஒரு மூலையில்' (2016) இதற்குச் சான்று. சுசூ என்ற இளம்பெண் 1944இல் கூரே என்னும் கடற்படைத் துறைமுக நகருக்கு மணமாகிப் போகிறாள். ரேஷன் அரிசி போதாமல் காட்டுக் கீரைகளைச் சேர்த்துச் சமைக்கிறாள், பழைய உடையைப் பிரித்துத் தைக்கிறாள், ஓய்வில் படம் வரைகிறாள். படத்தின் முதற்பாதி முழுவதும் இதுதான். பின்னர் தாமதமாக வெடித்த ஒரு குண்டில் நாத்தனாரின் சிறுமகள் இறக்கிறாள்; சுசூவின் வலக்கை போகிறது. வரைந்த கை, சமைத்த கை, அந்தச் சிறுமியின் கையைப் பிடித்திருந்த கை எல்லாம் அது ஒன்றே. முற்பாதியின் சமையல் காட்சிகளைப் பொறுமையோடு பார்த்தவருக்குத்தான் அந்த இழப்பின் அளவு தெரியும்.

அகியுகி நொசாகாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1967) வேறு வகை. கோபே நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் இறக்கும் கதை அது. 1988இல் திரைப்படமாகி உலகெங்கும் பரவியது. நொசாகா தம் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணனைப் போல் தாம் அவ்வளவு அன்பாக நடந்துகொள்ளவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். அப்படி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்த அண்ணனை அவர் எழுதினார்.

நினைவின் பிழையும் நேர்மையும்

நொசாகாவின் ஒப்புதல் ஒரு விமரிசனக் கேள்வியை எழுப்புகிறது. இளம் வயது நினைவை எவ்வளவு நம்பலாம்?

தேதி, எண்ணிக்கை, விமானத்தின் வகை, யார் உத்தரவிட்டார் என்பவற்றில் பிள்ளையின் நினைவு எளிதில் தவறும். பிறகு கேட்டதும் படித்ததும் முன்பு கண்டதோடு கலந்துவிடும். இரண்டு தாக்குதல்கள் ஒன்றாகிவிடும். இவற்றை வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஆனால் எங்கே ஒளிந்தோம், என்ன மணம் வந்தது, அம்மா யாரை முதலில் இழுத்துக்கொண்டு ஓடினாள், அன்றைக்கு எதைச் சாப்பிட்டோம் என்பவற்றில் அந்த நினைவு பெரும்பாலும் உறுதியாக இருக்கும். இவற்றை வேறு எந்த ஆவணமும் தராது. ஆகவே ஒரே எழுத்தில் இரண்டு வகைச் சான்றுகள் உள்ளன. முதல்வகைப் பிழையைக் காட்டி இரண்டாம் வகையைத் தள்ளுவது தவறு. இரண்டாம் வகையின் உருக்கத்தைக் காட்டி முதல் வகையைச் சோதிக்காமல் விடுவதும் தவறு.

நேர்மைக்கு இன்னோர் அளவும் உண்டு. நல்ல நினைவெழுத்தில் எழுதியவருக்குச் சாதகமில்லாத ஏதாவது ஒன்று இருக்கும். ஒளியும்போது தம்பியைத் தள்ளிவிட்டுக் குழிக்குள் முதலில் இறங்கியது, குண்டு அடுத்த தெருவில் விழுந்ததும் மனத்துக்குள் மகிழ்ந்தது, பள்ளி விடுமுறை கிடைத்ததற்காகத் தாக்குதலை எதிர்பார்த்தது. இவை வெட்கமான நினைவுகள். வெட்கமான நினைவை யாரும் இட்டுக்கட்டுவதில்லை.

குறைகள்

ஈழத்து வான்தாக்குதல் எழுத்தில் சில குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பதுங்கு குழி மிக விரைவில் குறியீடாகிவிட்டது. பல கவிதைகளில் அது வெட்டப்படுவதில்லை, நனைவதில்லை, நாறுவதில்லை. வெறும் சொல்லாக வந்து போகிறது. ஈழத்தைப் பாராமல் தமிழ்நாட்டிலிருந்து எழுதப்பட்ட பரிவுக் கவிதைகளில் இது அதிகம். பரிவு உண்மைதான்; ஆனால் அதில் யாருடைய வீடும் இல்லை.

இரண்டாவது, வீட்டு வேலையைச் செய்தவர்களின் குரல் பின்தங்கியே வருகிறது. மகன் எழுதும் நினைவில் அம்மா சமைத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. பெண்கள் எழுதிய நூல்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியுள்ளன.

மூன்றாவது, அடுத்த வீடு. 1990 ஜூன் முதல் வடக்கில் வீசப்பட்ட குண்டுகளுக்கு அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களும் அஞ்சி ஒளிந்தன. அந்த அக்டோபரில் அவர்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பல தமிழ் நினைவெழுத்துகளில் அயல்வீடு சட்டென்று காலியாகிவிடுகிறது. ஏன் என்று பிள்ளை கேட்பதில்லை, வளர்ந்த எழுத்தாளரும் கேட்பதில்லை. அதுபோலவே 2007 முதல் 2009 வரை புலிகளின் சிறு விமானங்கள் கொழும்புவரை வந்தபோது அந்நகரில் விளக்குகள் அணைந்தன. இருட்டில் உட்கார்ந்திருந்த சிங்களப் பிள்ளைக்கும் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரு நினைவு இருக்கிறது. அளவில் இவை ஒன்றல்ல. வன்னியில் விழுந்ததையும் கொழும்பில் விழுந்ததையும் சமப்படுத்துவது வரலாற்றுப் பிழை. ஆனால் பயந்த பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்க அளவு தடையாக வேண்டியதில்லை. '18வது அட்சக்கோடு' எதிர்த்தரப்பு வீட்டுக்குள் நுழைந்ததனால்தான் நிற்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

உத்திரமேரூரில் எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

உத்திரமேரூர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இவ்வூரின் பெருமை. சபைக்குக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதி என்ன என்று அவை விரித்துரைக்கின்றன. வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். ஊர் எதைப் பதிவுக்கு உரியதாகக் கருதியது என்பது இதிலிருந்து தெரிகிறது. வீடு உள்ளவரின் பெயர் எழுதப்பட்டது. இளையவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை.

ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் பதிவின் வழக்கம் பெரிதாக மாறவில்லை. 1942இல் நகரம் காலியானதை அரசுக் கோப்புகளும் செய்தித்தாள்களும் பதிந்திருக்கின்றன. அந்த மாதங்களில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராம வீடுகளில் இருந்த பிள்ளைகள் கண்டது எங்கும் பதியப்படவில்லை. அன்று எட்டு வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்கக்கூடிய காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது.

கேட்க விரும்பும் மாணவர்கள் 'போர் எப்படி இருந்தது' என்று கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரும் செய்தித்தாள் மொழியில் பதில் சொல்வார்கள். அந்த வருடம் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அரிசிக்குப் பதில் எதைச் சமைத்தீர்கள், ராத்திரி எந்த விளக்கு, பட்டணத்திலிருந்து வந்தவர்கள் எங்கே படுத்தார்கள், ஓட்டைக் காலணாவை முதலில் யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்கலாம். ஈழத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களிடமும், அவர்கள் விரும்பினால் மட்டும், இதே போன்ற கேள்விகளைக் கேட்கலாம். சொல்ல விரும்பாத ஒருவரை வற்புறுத்திப் பெறும் நினைவு ஆய்வுக்கும் உதவாது.

முடிவுரை

தமிழில் வான்தாக்குதல் நினைவெழுத்து குண்டு விழுந்த இடத்தில் மிகுந்தும், குண்டு விழாத இடத்தில் அருகியும் காணப்படுகிறது. இதைக் கொண்டு சென்னை 1942 பற்றி எழுத எதுவும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அச்சம், இடப்பெயர்வு, பஞ்சம், உறவுகளின் நெருக்கடி ஆகியவை குண்டு விழாமலும் நேர்ந்தன. ஈழ எழுத்தில் நிலைக்கக்கூடியவை, பதுங்கு குழியை வெட்டிய மண்ணோடும் வேரோடும் காட்டுபவை. விமானத்தைக் கோள்மூட்டி என்று அழைத்த நாக்கை இழக்காதவை. அடுத்த வீட்டையும் பார்ப்பவை. இந்த மூன்றையும் ஒரே நூலில் கொண்ட நினைவெழுத்து வரும்போது, சிக்கன விளக்கில் படித்த அந்தத் தலைமுறை தன் கணக்கை முழுமையாக எழுதியதாகக் கொள்ளலாம்.